மயக்கம் தெளிந்ததும் தம்பி ஏன் அழுதான்?

புந்தோங்கில் இருந்து படிவம் நான்கு மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இந்த வாரப் பக்கத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறது. அவருடைய தம்பிக்கு வயது பதின்மூன்று. சைக்கிளில் இருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, எலும்பை நேராக்கி, உள்ளே மெல்லிய கம்பி வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் கண் விழித்தவுடன் பையன் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். அம்மா கூப்பிட்டும் அடையாளம் தெரியவில்லை. கையில் இருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்த்தான், தாதியைத் தள்ளிவிட்டான். இருபது நிமிடத்தில் தூங்கிப் போனான். மறுபடி எழுந்தபோது, “பசிக்குது” என்றானாம். நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பாட்டி, பையன் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான், கோயிலுக்குப் போய் மந்திரிக்க வேண்டும் என்கிறார். மாமா, “மனசுல இருக்கிறதுதான் மயக்கத்துல வெளிய வரும், பையனுக்கு வீட்ல ஏதோ குறை இருக்கு” என்கிறார். அதே மாமா அந்த அழுகையைக் கைப்பேசியில் பதிவு செய்து குடும்பப் புலனக் குழுவிலும் போட்டுவிட்டார். அக்காவின் கேள்வி இதுதான்: தம்பிக்கு உள்ளுக்குள் ஏதாவது துக்கம் இருக்கிறதா? ஆறு வாரம் கழித்துக் கம்பியை எடுக்கும்போது மறுபடியும் இப்படி ஆகுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், இந்த அழுகையை வைத்து அப்படி எதுவும் முடிவு செய்ய முடியாது என்பதே. ஏன் முடியாது என்பதற்கு மயக்க மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரத்துப்போவது வேறு, மயங்குவது வேறு

பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிற ஊசியும் மயக்க ஊசி என்றுதான் நம் பேச்சில் அழைக்கப்படுகிறது. ஆனால் அது மயக்குவதில்லை, மரக்கச் செய்கிறது. லிக்னோகேயின் என்ற அந்த மருந்து, ஊசி போட்ட இடத்தில் இருக்கும் நரம்பு இழைகளுக்குள் சோடியம் அயனிகள் நுழையும் வாசலை அடைத்துவிடும். சோடியம் நுழையாவிட்டால் நரம்பில் மின்துடிப்பு ஓடாது. வலிச் செய்தி தாடையிலேயே நின்றுவிடும். மூளை வழக்கம்போல விழித்திருக்கும்.

அப்படியானால் பல் மருத்துவரின் நாற்காலியில் சிலருக்கு நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் ஏன்? பயம் ஒரு காரணம். இன்னொன்று, மருந்து சீக்கிரம் இரத்தத்தில் கரைந்து போகாமல் இருக்க அதோடு சிறிதளவு அட்ரினலினும் சேர்ப்பார்கள். பயந்தால் நம் உடல் சுரப்பதும் அதே அட்ரினலின்தான். இதயம் வேகமாக அடிப்பதை உணர்ந்த மூளை, “ஓ, நான் பயந்துபோயிருக்கிறேன்” என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறது. சில நிமிடத்தில் தானாக அடங்கிவிடும்.

தம்பிக்குக் கொடுத்தது முழு மயக்கம். அது மூளையிலேயே வேலை செய்வது.

மூளையின் பிரேக்

மூளையில் உள்ள நரம்பணுக்களில் ஒரு பகுதி, பக்கத்து அணுவை “பேசு” என்று தூண்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பகுதி “அடங்கு” என்று தடுத்துக்கொண்டிருக்கும். தடுக்கும் அணுக்கள் பயன்படுத்தும் முக்கியமான வேதிப்பொருளின் பெயர் காமா அமினோ பியூட்ரிக் அமிலம். சுருக்கமாக காபா. காபா வந்து ஒட்டியதும் நரம்பணுவின் சவ்வில் ஒரு சிறு கதவு திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே போகும், அணு எளிதில் துடிக்காத நிலைக்குப் போய்விடும். மோட்டார்சைக்கிளின் பிரேக் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அறுவைக் கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் புரோப்போஃபால் என்ற மருந்து அந்தக் கதவை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அதாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. கை நரம்பில் ஏற்றிய அரை நிமிடத்துக்குள் ஆள் மயங்கிவிடுவார். ஒரே ஒரு தவணை மட்டும் கொடுத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் விழித்தும்விடுவார்.

இந்த மருந்தைப் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் மறக்காது. ஈப்போவில் கடைக்குக் கடை கிடைக்கும் சோயாப் பாலைப் போலவே வெள்ளையாக இருக்கும். ஒப்புமை வெறும் தோற்றத்தில் மட்டும் இல்லை. புரோப்போஃபால் தண்ணீரில் கரையாது. அதனால் அதைச் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டைக் கருவில் இருந்து எடுத்த லெசித்தினைச் சேர்த்து, தண்ணீரில் மிக நுண்ணிய துளிகளாக மிதக்க விடுகிறார்கள். அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. சோயாப் பாலும் அதே காரணத்தால்தான் வெள்ளை. இதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர். மருந்து 1986இல் விற்பனைக்கு வந்தது. கிளெனுக்கு 2018இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

பல பேர் புரோப்போஃபால் மயக்கத்தில் இருந்து நல்ல மனநிலையோடு எழுகிறார்கள். இனிய கனவு கண்டதாகச் சொல்பவர்கள் உண்டு. வாய் ஓயாமல் பேசுபவர்கள், தாதிக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பவர்கள், காரணமே தெரியாமல் கண்ணீர் விடுபவர்கள் எல்லாம் உண்டு. இந்த இதமான உணர்வுக்காகவே அந்த மருந்தைத் தவறாகப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அளவு சற்றே கூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதால் அது மிக ஆபத்தானது. பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று இறந்தது, தூக்கத்துக்காக வீட்டிலேயே இந்த மருந்து ஏற்றப்பட்டதால்தான்.

எந்தப் பகுதி முதலில் விழிக்கிறது?

மயக்கம் தெளிவது, சுவிட்சைத் தட்டியதும் வீடு முழுக்க விளக்கு எரிவதைப் போன்றது அல்ல. ஓர் அறையில் விளக்கு வருகிறது, பிறகு அடுத்த அறை. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் ஆய்வாளர்கள் இளைஞர்கள் சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து, அவர்கள் விழிக்கும் தருணத்தில் மூளையைப் படமெடுத்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், முதலில் செயல்படத் தொடங்கியவை மூளையின் ஆழத்தில் உள்ள பழைய பகுதிகளே என்று தெரிந்தது. மூளைத்தண்டு, அதற்கு மேலே உள்ள தலாமஸ் ஆகியவை அவை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசித்து முடிவெடுக்கும் புறணிப் பகுதி அப்போது இன்னும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

தம்பியின் நிலையை இப்போது கற்பனை செய்து பாருங்கள். வலி தெரிகிறது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. தொண்டை வறண்டிருக்கிறது. கையை அசைக்க முடியவில்லை. ஆனால், “இது மருத்துவமனை, அறுவை முடிந்துவிட்டது, பக்கத்தில் நிற்பது அம்மா” என்று எடுத்துச் சொல்லும் பகுதி இன்னும் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அச்சம் இருக்கிறது, விளக்கம் இல்லை. அழாமல் என்ன செய்வான்? இது ஒரு விளக்கம்தான், கடைசிச் சொல் அல்ல. ஆனால் மருத்துவர்கள் அன்றாடம் காண்பதோடு நன்றாகப் பொருந்துகிறது.

மருத்துவத்தில் இதை விழிப்புநேரக் குழப்பம் எனலாம். புதிய செய்தியும் அல்ல. அமெரிக்காவில் 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 1961இலேயே ஒரு பெரிய ஆய்வு வந்தது. குழந்தைகளிடம் இது அதிகம் என்பது அப்போதே தெரிந்தது. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்திய பிள்ளைகளிடம்தான் மிகுதியாகக் காணப்படும், பதின்மூன்று வயதில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. செவோஃப்ளூரேன் என்ற ஆவி மயக்கமருந்து பரவலான பிறகு இது இன்னும் அடிக்கடி கண்ணில் பட்டது. 1990இல் ஜப்பானில் முதலில் பயன்பாட்டுக்கு வந்த மருந்து அது. மூக்கை எரிக்காது, முகமூடி வழியாகச் சுவாசித்தாலே போதும், ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு வரப்பிரசாதம். ஆனால் அது உடலை விட்டு மிக வேகமாக வெளியேறும். அந்த வேகம்தான் குழப்பத்துக்குக் காரணமா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. அதே வேகத்தில் தெளியவைக்கும் புரோப்போஃபாலில் குழப்பம் குறைவு என்பதால் வேகம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

அறுவைக்கு முன் மிகவும் பயந்திருந்த பிள்ளைகளிடம் இந்தக் குழப்பம் கூடுதலாகவே வருகிறது. எழும்போது வலி இருந்தாலும் அப்படியே. பெரும்பாலும் ஐந்து நிமிடம், கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். பிறகு ஒரு தூக்கம். எழுந்த பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காது. அறுவைக்கு முன் பதற்றத்தைக் குறைக்கக் கொடுக்கப்படும் மிடாசோலம் என்ற மருந்து, கொடுத்த பிறகு நடப்பவற்றை நினைவில் பதியவிடாமல் செய்வதால் மறதி இன்னும் முழுமையாகும். பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் அது மறக்காது.

சிரிப்பு வாயுவின் கதை

மயக்க மருந்துக்கும் மனநிலைக்கும் உள்ள உறவு, மயக்க மருந்தின் பயனே தெரிவதற்கு முன்பு கண்டறியப்பட்டது. 1799இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வாயுக்களால் நோயைக் குணப்படுத்த முடியுமா என்று ஆராயும் ஒரு நிலையத்தில் ஹம்ஃப்ரி டேவி என்ற இருபது வயது இளைஞர் வேலை பார்த்தார். நைட்ரஸ் ஆக்சைடைத் தயாரித்துத் தாமே சுவாசித்துப் பார்த்தார். மகிழ்ச்சி பொங்கிச் சிரிப்பு வந்தது. நண்பர்களுக்கும் கொடுத்தார். கோல்ரிட்ஜ், சதே என்ற இரு கவிஞர்களும் அவர்களில் அடக்கம். சிரிப்பு வாயு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பல்வலிக்கு அது இதமாக இருந்ததைக் கவனித்த டேவி, அறுவைகளின்போது பயன்படலாம் என்று 1800இல் வெளியிட்ட நூலில் எழுதியும் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த 44 ஆண்டுகள், கை கால்களை விழித்திருக்கும்போதே அறுத்தார்கள், சிரிப்பு வாயுவை மேடையில் வேடிக்கை காட்டப் பயன்படுத்தினார்கள். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு வருத்தமான தாமதம் குறைவு என்று எனக்குத் தோன்றும்.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அப்படி ஒரு வேடிக்கை மேடை. வாயுவைச் சுவாசித்துத் துள்ளிக் குதித்த ஒருவருக்குக் காலில் அடிபட்டு இரத்தம் வந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் மறுநாளே அந்த வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லைப் பிடுங்கச் செய்தார். வலியில்லாத அறுவைக்கு வழி திறந்தது அந்தப் பல்.

வெல்ஸின் முடிவு சோகமானது. சில ஆண்டுகள் கழித்துக் குளோரோஃபார்மைத் தம்மீதே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார். அது அவருடைய மனத்தைக் குலைத்தது. நிலைதடுமாறியிருந்தபோது நியூயார்க் தெருவில் பெண்கள் மீது அமிலத்தை வீசிக் கைதானார். 1848 ஜனவரியில் சிறையிலேயே இறந்தார், வயது 33. தெளிந்தபின் தாம் செய்ததை அறிந்து அவர் அடைந்த வேதனைதான் அவரைக் கொன்றது என்று சொன்னால் மிகையாகாது. மருத்துவரின் கையில் ஒரு முறை, அளந்து கொடுக்கும் மருந்தும், ஒருவர் தனியே நாள் கணக்கில் உள்ளிழுப்பதும் ஒன்றல்ல.

சிரிப்பு வாயு இன்றும் ஓய்வு பெறவில்லை. ஆக்சிஜனோடு சரிபாதியாகக் கலந்து பிரசவ வலிக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ சித்தியோ அதைச் சுவாசித்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், ஒருவர் சிரிப்பு வந்தது என்பார், இன்னொருவர் தலை சுற்றியதுதான் மிச்சம் என்பார்.

துயரத்தைப் போக்கும் மயக்க மருந்து

எல்லா மயக்க மருந்தும் பிரேக்கை அழுத்துவதில்லை. கெட்டமின் வேறு வழியில் வேலை செய்கிறது. நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து சேரும் ஓர் ஏற்பியை அது அடைக்கிறது. மனிதர்களிடம் முதன்முதலில் 1964இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சோதிக்கப்பட்டது. மருந்து ஏறியவர்கள் கண் திறந்திருந்தும் வலியை உணரவில்லை, தங்கள் உடலைவிட்டு எங்கோ மிதப்பதாகச் சொன்னார்கள். பெரியவர்கள் சிலர் அச்சமூட்டும் கனவுகளோடு எழுந்தார்கள். இருந்தாலும் மூச்சை நிறுத்தாது, இரத்த அழுத்தத்தை இறக்காது என்பதால் பெரிய கருவிகள் இல்லாத இடங்களில், போர்க்களங்களில், விபத்துப் பிரிவுகளில் இன்றும் உயிர் காக்கிறது.

மனத்தை இப்படிக் கலக்கும் மருந்து, கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே அந்தப் பாரத்தைக் குறைக்கும் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் ஒரு சிறு சோதனையில் கண்டார்கள். வழக்கமான மருந்துகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். பின்னர் பல ஆய்வுகள் தொடர்ந்தன. 2019 மார்ச்சில் கெட்டமினின் நெருங்கிய உறவான எஸ்கெட்டமினை மூக்கில் அடிக்கும் மருந்தாக அமெரிக்கா அங்கீகரித்தது. கொடுத்த பிறகு இரண்டு மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தெருவில் விற்கப்படும் கெட்டமினைப் போதைக்குப் பயன்படுத்துபவர்களின் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மயக்கத்தில் உண்மை வருமா?

இப்போது மாமாவிடம் வருவோம். “மனசுல இருக்கிறதுதான் வெளிய வரும்” என்று அவர் மட்டும் சொல்லவில்லை, உலகின் பல காவல்துறைகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பின. 1922இல் ராபர்ட் ஹவுஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பிரசவ வலிக்குக் கொடுக்கப்பட்ட ஸ்கோப்போலமின் மருந்தைக் கைதிகளிடம் சோதித்து, மயக்கத்தில் பொய் சொல்ல முடியாது என்று அறிவித்தார். பிறகு சோடியம் தயோபென்டால் என்ற மயக்க மருந்தும் “உண்மை மருந்து” என்று பெயர் பெற்றது.

இந்தியாவில் இது வெகுதூரம் போனது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பெங்களூரு தடய அறிவியல் ஆய்வகம் போன்ற இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இந்த மருந்தை ஏற்றி, அரைமயக்கத்தில் கேள்வி கேட்டார்கள். சில காணொளிகள் தொலைக்காட்சியிலும் வந்தன. அவர்கள் உளறியதைப் பார்த்து நாடே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. இதை எதிர்த்த வழக்குகளில் இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பு வழங்கியது. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்பது அதன் பெயர். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, அது அவருடைய தனிமனித உரிமையையும், தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமையையும் மீறுவது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த முறையின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது என்பதையும் தீர்ப்பு விரிவாகப் பேசியது.

மயக்க மருந்து நாக்கின் கட்டை அவிழ்க்கிறது, அவ்வளவுதான். அவிழ்ந்து வருவது உண்மையாகவும் இருக்கலாம், கனவாகவும் இருக்கலாம், நேற்றுப் பார்த்த படத்தின் ஒரு காட்சியாகவும் இருக்கலாம், கேட்பவர் எதிர்பார்க்கும் பதிலாகவும் இருக்கலாம். சொல்பவருக்கே வேறுபாடு தெரியாது. ஒரு கொலை வழக்கில் ஏற்கத் தயங்கும் சாட்சியத்தை, பதின்மூன்று வயதுப் பையன் மீது வீட்டில் தீர்ப்பாக எழுதுவது நியாயமா என்று மாமாவிடம் கேட்கலாம். பக்குவமாகக் கேளுங்கள். அப்படியே அந்தக் காணொளியை அழித்துவிடும்படியும் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் போய் வந்த ஒரு சிறுவன் காரில் குழம்பிப் பேசியதை அவன் அப்பா பதிவு செய்து 2009இல் இணையத்தில் போட்டார். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட தடவை அது பார்க்கப்பட்டது. உலகமே சிரித்தது. ஆனால் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரைப் படம் பிடிக்கும்போது அவரிடம் அனுமதி கேட்கவே முடியாது என்பது அந்தச் சிரிப்பில் பலருக்கு மறந்துபோனது.

அடுத்த சில நாட்கள்

அழுகை அன்றே முடிந்துவிடும். ஆனால் அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மனம் ஏனோ கனமாக இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதற்கு மயக்க மருந்தையே குற்றம் சொல்வது முழுச் சரியல்ல. அதற்குள் அது உடலில் இருந்து பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

காயம் ஆறும்போது நம் எதிர்ப்பணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிச் செய்திகளை அனுப்புகின்றன. அவை மூளையையும் எட்டுகின்றன. காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல், சாப்பிடப் பிடிக்காமல் சுருண்டு படுத்துக்கொள்கிறீர்களே, அதே செய்திதான் இதுவும். வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் எரிச்சலைக் கூட்டும். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சிலரை அன்றிரவு தூங்கவிடாது.

உடலின் கடிகாரமும் தடுமாறக்கூடும். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தேனீக்களுக்குப் பகலில் ஆறு மணி நேரம் மயக்க ஆவி கொடுத்தார்கள். தேனீ சூரியனின் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத் திசை அறியும். தெளிந்த தேனீக்கள் தவறான திசையில் பறந்தன. அவற்றைப் பொறுத்தவரை அந்த ஆறு மணி நேரத்தின் பெரும்பகுதி நடக்கவே இல்லை. இரவில் மயக்கப்பட்ட தேனீக்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 2012இல் வந்த இந்த ஆய்வு, பகல் அறுவைக்குப் பிறகு சிலருக்குத் தூக்கம் ஏன் குழம்புகிறது என்பதற்கு ஒரு துப்பு. காலை வெயிலில் சிறிது நேரம் உட்காரச் சொல்வது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை.

சின்னப் பிள்ளைகள் சில நாட்கள் அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வார்கள், கெட்ட கனவு கண்டு எழுவார்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகும். இரண்டு வாரம் கடந்தும் ஒருவர் சிரிக்காமல், தூங்காமல், எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தால் அதை “மயக்க மருந்தால் வந்தது” என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பேச வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது.

கம்பி எடுக்கும் நாள்

இனி இரண்டாவது கேள்வி. ஒருமுறை அழுத பிள்ளை மறுமுறையும் அழக்கூடும், ஆனால் கட்டாயம் இல்லை. குறைக்க வழி இருக்கிறது, அதில் பாதி வீட்டிலேயே தொடங்குகிறது.

அறுவைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே திட உணவை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக இரண்டு மணி நேரம். காத்திருக்கும்போது பாவப்பட்டு யாராவது காச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். புந்தோங்கில் அது நடக்க வாய்ப்பு அதிகம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டுவிட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அனுமதித்த நேரம் வரை தண்ணீர் குடித்திருப்பது நல்லது, தாகத்தோடும் பசியோடும் போகிற பிள்ளை ஏற்கெனவே பாதி அழுகையில் இருக்கும். உங்களைப் போன்ற மூத்த மாணவர்கள் வேப் பிடிப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்க மருத்துவர் கேட்பது மருந்தின் அளவையும் மூச்சுக்குழாயின் நிலையையும் கணக்கிடத்தான்.

என்ன நடக்கப் போகிறது என்று தம்பிக்கு முந்தைய நாளே உள்ளபடி சொல்லுங்கள். “ஒன்றும் ஆகாது” என்பது போதாது. முகமூடி வைப்பார்கள், ஒரு வாசனை வரும், தூங்கிவிடுவாய், எழும்போது கை கனமாக இருக்கும், ஒருவேளை அழுகை வரும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். பாட்டியும் கூட வரட்டும். விழிக்கும் நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, அவன் பெயரைச் சொல்லி, “தம்பி, ஆஸ்பத்திரியில இருக்கே, முடிஞ்சிருச்சு, பாட்டி இங்கதான் இருக்கேன்” என்று மெதுவான குரலில் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் தாதிகளும் செய்வது. நெற்றியில் திருநீறு பூசிக் கை வைப்பது அதற்கு இடைஞ்சல் இல்லை. உலுக்கி எழுப்புவதும், நாலு பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசுவதும்தான் கூடாது.

அன்று காலை மயக்க மருத்துவர் வந்து பேசும்போது, அம்மா முதலில் சொல்ல வேண்டியது, “போன முறை எழும்போது குழம்பிப்போய் அழுதான், ஊசியைப் பிடுங்கப் பார்த்தான்” என்பதைத்தான். அதைக் கேட்டால் அவர் ஆவி மருந்துக்குப் பதில் புரோப்போஃபாலைத் தேர்ந்தெடுக்கலாம், முன்கூட்டியே பதற்றத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கலாம், எழுவதற்கு முன்பே வலிமருந்தைப் போட்டு வைக்கலாம். பதிவேட்டிலும் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகு 24 மணி நேரம் தம்பியைத் தனியாக விட வேண்டாம், சைக்கிள் பக்கம் விடவும் வேண்டாம்.